"எங்கே இருக்கீங்க?": வழி தேடவும் அவசர உதவிக்கு அழைக்கவும் போனைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, ஆளரவமில்லாத நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் போன பைக் சறுக்கி விழுந்தது. ஓட்டியவருக்கு நினைவு இருந்தது, ஆனால் காலை அசைக்க முடியவில்லை. நான் உடனே அவசர எண்ணுக்கு அடித்தேன், எதிர்முனையிலும் உடனே எடுத்தார்கள். முதல் கேள்வியே "எங்கே இருக்கீங்க?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. மேப் திறந்துதான் இருந்தது, ஆனால் நெட் போய்விட்டதால் வெறும் சாம்பல் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் என் மனைவி டார்ச் அடித்தபடி பின்னால் நடந்துபோய், ஒரு கிலோமீட்டர் கல்லைப் படித்துவிட்டு ஓடி வந்து சொன்ன பிறகுதான் ஆம்புலன்ஸ் கிளம்பியது. நாலைந்து நிமிடம் வீண். அந்த நீலப் புள்ளி இருந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாலே போதும், நெட் இல்லாமலேயே நான் நிற்கும் இடத்தின் எண்கள் வந்திருக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து, என் போனிலேயே செய்து பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வழி தேடுவதும் அவசர அழைப்பும் வேறு வேறு விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இரண்டும் வந்து நிற்பது இந்த ஒரே கேள்வியில்தான்.

முதலில்: போனுக்கு உங்கள் இடம் எப்படித் தெரிகிறது

ஜிபிஎஸ் வேறு, நெட் வேறு. இதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டே நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் அதை ரேடியோ மாதிரி கேட்க மட்டும்தான் செய்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. அதனால் சிம் இல்லாவிட்டாலும், டேட்டா தீர்ந்துவிட்டாலும், இப்போதைய போன்களில் பெரும்பாலும் ஏரோபிளேன் மோடில் போட்டிருந்தாலும்கூட நீலப் புள்ளி வேலை செய்யும். ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ இவற்றையும் இன்றைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன.

நெட் தேவைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, புள்ளிக்குக் கீழே தெரியும் மேப் படம். இன்னொன்று, எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைச் சீக்கிரம் பெறுவது. நெட் இருந்தால் இது சில நொடியில் வந்துவிடும். இல்லையென்றால் செயற்கைக்கோளிடமிருந்தே வர வேண்டும், அது நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் பேசும். எல்லா செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் பிடிக்கும். ஆகவே சிக்னல் இல்லாத இடத்தில் புள்ளி எங்கோ தப்பாக நின்றால் போனைத் திட்டாமல், வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை, "நீங்கள் இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்" என்று போன் சொல்கிறது. திறந்த வெளியில் பொதுவாக 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பக்கத்துத் தெருவையே காட்டும். வட்டம் பெரிதாக இருக்கும்போது புள்ளியை நம்பித் திரும்பாதீர்கள்.

வீட்டிலேயே செய்து வைக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் வழியில் சிக்கிக்கொண்ட பிறகு செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்.

மேப்பை இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' போனால், ஒரு சதுரத்தை இழுத்து எந்தப் பகுதி வேண்டுமோ அதை இறக்கலாம். போகும் இடத்தை மட்டுமல்ல, வழி முழுவதையும் சேர்த்து இறக்குங்கள். இதில் ஒரு குறை உண்டு: நெட் இல்லாதபோது அது வண்டியில் போகும் வழியை மட்டும்தான் சொல்லும். நடந்து போகும் வழி, சைக்கிள் வழி, பஸ் ரயில் விவரம், டிராஃபிக் எதுவும் வராது. மலை, காடு என்று நடக்கப் போகிறவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் மாதிரி ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. இவை 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து இயங்குகின்றன, ஒற்றையடிப் பாதைகள்கூட பல இடங்களில் இருக்கும், நடைவழியையும் நெட் இல்லாமலே காட்டும். இறக்கியதோடு விட்டுவிடாதீர்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருப்பெயர் தெரிகிறதா? தெரிந்தால் சரி.

அடுத்து, லாக் திரை. நீங்கள் மயங்கிக் கிடந்தால் உங்கள் போனை யாராலும் திறக்க முடியாது, ஆனால் லாக் திரையில் இருக்கும் 'எமர்ஜென்சி' பொத்தானை யார் வேண்டுமானாலும் தொடலாம். ஐபோனில் ஹெல்த் ஆப்பில் 'மெடிக்கல் ஐடி', ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'. அங்கே ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, யாரை அழைக்க வேண்டும் எல்லாவற்றையும் நிரப்பி, லாக் திரையில் காட்டும்படி அனுமதியும் கொடுங்கள். அந்த அனுமதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்று காட்ட, தொடர்புகளில் 'ஐஸ்' ('இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் சுருக்கம்) என்று ஒரு பெயர் சேர்த்து வைப்பார்கள். இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் பணியாளரான பாப் பிராட்சி 2005-ல் பரப்பிய யோசனை அது. போன்கள் எல்லாம் லாக் ஆன பிறகு அதனால் பெரிய பயன் இல்லை, இந்த லாக் திரை விவரம்தான் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

எஸ்ஓஎஸ் பொத்தான், அதாவது போனைத் திறக்காமலே அவசர எண்ணை அழைக்கும் வசதி, உங்கள் போனில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 12-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் பெரும்பாலும் பவர் பொத்தானை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் போதும். புதிய ஐபோன்களில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒரு வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று நிஜமாகவே அழைப்பை விட்டுவிடாதீர்கள். செட்டிங்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எத்தனை நொடி கவுண்ட்டவுன் ஓடும், எப்படி நிறுத்துவது, உங்கள் ஆட்களுக்குத் தானாக மெசேஜ் போகுமா என்று படித்தாலே தெரிந்துவிடும்.

போகும் நாட்டின் எண்ணைத் தெரிந்து வையுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999, அங்கே 112-ம் போகும். மலேசியாவில் 999. ஆஸ்திரேலியாவில் 000. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. இலங்கையில் போலீஸுக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990. எண் மறந்துபோனால் 112 அடியுங்கள், செல்போன்களுக்கான ஜிஎஸ்எம் தரத்தின்படி 112, 911 இரண்டையும் போனே அவசர எண்ணாக அடையாளம் கண்டு உள்ளூர் அவசர சேவைக்கு அனுப்பப் பார்க்கும்.

அப்புறம், இரண்டு பேருடைய எண்ணையாவது ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் உடைந்தால் இன்னொருவர் போனில் இருந்து யாரை அழைப்பீர்கள்? சொந்த வீட்டு ஆட்களின் எண்ணே மனப்பாடமாக இல்லாத காலம் இது.

பழைய போன் ஒன்றை 'ஆபத்துக்கு உதவும்' என்று வண்டியில் போட்டு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைக் கொஞ்சம் யோசியுங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளை மூடிவிட்டார்கள் அல்லது மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜி இருந்தும் அவசர அழைப்பை மட்டும் 3ஜியில் அனுப்பும் போன்கள் இருந்தது தெரியவந்து, அவற்றை நெட்வொர்க்கில் இருந்தே விலக்கினார்கள். ஜெர்மனியிலோ 2009 முதல் சிம் இல்லாத போனில் அவசர அழைப்பே போகாது. சிம் இல்லாத பழைய போனை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

வண்டியில் போகும்போது

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. திரையை மூன்று நொடி பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதனால் எங்கே போக வேண்டும் என்பதை வண்டி நகரும் முன்பே போட்டுவிடுங்கள், குரல் வழிகாட்டலை ஆன் செய்யுங்கள், மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள் அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் விட்டதுதான், அடுத்த வழியை மேப்பே சொல்லும். திடீரென்று பிரேக் போட்டுப் பின்னால் எடுப்பதுதான் ஆபத்து.

போனை வைக்கும் இடம்: சாலையை மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது. கண்ணாடிக்குக் கீழே நேர் வெயிலில் வைத்தால் போன் சூடேறி, முதலில் திரை மங்கும், பிறகு அணைந்தே போகலாம். பைக் ஹேண்டில்பாரில் மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அதிக சக்தியுள்ள இன்ஜினின் அதிர்வு கேமராவில் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசரைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது, அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் வாங்குங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டவோ சாலையில் நடக்கவோ வேண்டாம்.

உங்களுக்காக வீட்டில் காத்திருப்பவருக்கு லைவ் லொக்கேஷன் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு இருக்கும். தனியாக நீண்ட தூரம் போனால் எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். சிக்னல் போனாலும் கடைசியாக எங்கே இருந்தீர்கள் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

மேப் சொல்வதை எப்போது கேட்கக் கூடாது

மேப்புக்குக் கண் கிடையாது. உங்கள் கண் முன்னால் தெரிவதும் திரையில் தெரிவதும் முரண்பட்டால், எப்போதும் கண் முன்னால் தெரிவதுதான் சரி. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரத்தை ஆப்பிள் மேப்ஸ் சுமார் 70 கி.மீ. தள்ளி ஒரு தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. நம்பிப் போன பலர் தண்ணீரில்லாத, வெயில் 46 டிகிரி வரை ஏறக்கூடிய அந்த இடத்தில் சிக்கினார்கள், சிலர் 24 மணி நேரம் வரை. போலீஸே பொது எச்சரிக்கை விட வேண்டி வந்தது. பிழையைப் பிறகு திருத்திவிட்டார்கள், ஆனால் இந்த மாதிரித் தப்பு எந்த மேப்பிலும் எந்த ஊருக்கும் வரலாம்.

சாலை குறுகிக்கொண்டே போகிறது, தார் போய் மண் வந்துவிட்டது, எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை, மேப் மட்டும் "நேராகப் போ" என்கிறது. இங்கேதான் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். வந்த வழி உங்களுக்குத் தெரிந்த வழி, திரும்புங்கள். மேப் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நேரம் குறைவான வழியைத்தான், உங்கள் வண்டிக்கும் அந்த ராத்திரிக்கும் ஏற்ற வழியாக அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சாலையில் தண்ணீர் ஓடினால் மேப் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர்களைக் கீழே தள்ளிவிடும், 30 செ.மீ. சிறிய காரைத் தூக்கிவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ராத்திரியில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

பேட்டரி

சிக்னல் மங்கலான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். அந்த மாதிரிப் பகுதியில் ஏரோபிளேன் மோட் போட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். மெசேஜ் பார்க்க வேண்டுமென்றால் உயரமான இடத்தில் நின்று இரண்டு நிமிடம் ஆன் செய்துகொள்ளலாம். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், மேப் தேவைப்படாத நேரம் திரையை அணையுங்கள். கடுங்குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணையலாம். உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைத்து சூடேறிய பிறகு மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் உயிர் வரும். பவர் பேங்க் கொண்டுபோங்கள், அதோடு கேபிளையும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக நிரப்பாது, மின்னழுத்தம் மாறும்போது ஒரு பங்கு வீணாகிவிடும். கணக்குப் போடும்போது ஒன்றரை முறைக்கும் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் வழி தேடுவதை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அழைப்புக்கு என்று ஒதுக்குவது என் பழக்கம்.

அழைக்கும் நேரம் வந்தால்

முதலில் உங்கள் பாதுகாப்பு. சாலையின் நடுவே நின்று போன் பேசாதீர்கள், ஓரமாக வந்து அடியுங்கள்.

இடத்தை முதலில் சொல்லுங்கள். அழைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் ஆட்களை அனுப்ப முடியும். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா, உங்கள் எண் என்ன. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, எப்போது கிளம்புவார்கள் என்று எரிச்சல் வரும். பெரும்பாலான இடங்களில் நீங்கள் பேசும்போதே வண்டி கிளம்பியிருக்கும், மற்ற கேள்விகள் அதில் வருபவர்களுக்காக. ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தால் இரண்டு கையும் உதவிக்குக் கிடைக்கும், நெஞ்சை அழுத்தச் சொன்னால் அவர்கள் எண்ண எண்ண நீங்கள் அழுத்தலாம்.

சரி, இடத்தை எப்படிச் சொல்வது? கிலோமீட்டர் கல், பாலத்தின் எண், மின்கம்பத்தில் எழுதிய எண், கடைசியாகத் தாண்டிய ஊர், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பது. இவை இருந்தால் இவற்றையே சொல்லுங்கள். எதுவும் இல்லையா, மேப்பில் நீலப் புள்ளியை ஒட்டி விரலை அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிவப்புக் குறி விழும், கூடவே நடுவில் கமா போட்ட இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை, இந்த வரிசையை மாற்றவே கூடாது. எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் சொன்னால் போதும், அது 11 மீட்டருக்குள் உங்களைக் காட்டிவிடும். ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள், "பன்னிரண்டு புள்ளி மூன்று, நாலு, ஐந்து, ஆறு" என்று, பிறகு அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏஎம்எல் (அட்வான்ஸ்டு மொபைல் லொக்கேஷன்) என்ற ஏற்பாடு இருக்கும் நாடுகளில், அவசர எண்ணுக்கு அடித்தவுடன் போனே தன் இடத்தைத் தானாக அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டில் 2016 முதல், ஐபோனில் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் எதிர்முனையில் வாங்குவதற்கான ஏற்பாடும் இருந்தால்தான் அது பயன்படும். அதை நம்பி இடம் சொல்லாமல் விடாதீர்கள். வைஃபை வழியாகப் பேசும்போது இன்னும் கவனம், போன் கம்பெனியிடம் நீங்கள் கொடுத்த பழைய முகவரி அங்கே தெரிய வாய்ப்பு இருக்கிறது.

தெரியாமல் பொத்தான் அழுந்தி அழைப்பு போய்விட்டால் பயந்து வைத்துவிடாதீர்கள். "தெரியாமல் அழுந்திவிட்டது, எல்லாம் நலம்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். 2023-ல் பிரிட்டனில் இப்படிப் பேசாமல் அறுந்த அழைப்புகள் குவிந்ததால் போலீஸே இதைக் கேட்டுக்கொண்டது. அறுந்த ஒவ்வொரு அழைப்புக்கும் அவர்கள் திரும்ப அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் நிஜமாகவே ஒருவர் வரிசையில் காத்திருப்பார்.

சிக்னலே இல்லை

உங்கள் நெட்வொர்க்கில் கோடே இல்லை, ஆனால் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வருகிறதா? வேறு ஏதோ கம்பெனியின் டவர் எட்டுகிறது என்று அர்த்தம், அடியுங்கள், பல நாடுகளில் அவசர அழைப்பை எந்த டவரும் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த டவருமே எட்டாத இடத்தில் 112 வேலை செய்யாது. அது செயற்கைக்கோள் வழியாகப் போகும் என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது, நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் வழி எஸ்ஓஎஸ் தனி வசதி, ஐபோன் 14-ல் 2022-ல் வந்தது, இப்போது வேறு சில போன்களிலும் இருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும். திறந்த வானத்தைப் பார்த்து போனைக் காட்ட வேண்டும், மரங்களுக்கு அடியில் ஒரு மெசேஜ் போக ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

பேச்சு அறுந்து அறுந்து போகும் இடத்தில் எஸ்எம்எஸ் போய்விடும், அதற்கு ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலே போதும். உங்கள் ஆட்களில் ஒருவருக்கு இடத்தின் எண்களையும் நிலைமையையும் ஒரே மெசேஜில் எழுதி அனுப்பி, அவரை அங்கிருந்து அழைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் மேடான இடத்துக்குப் போவது, கட்டடத்துக்கு வெளியே வருவது, ஏரோபிளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்வது, இவையும் பல நேரம் கை கொடுக்கும்.

மெசேஜ் போய்விட்டால் இடத்தை விட்டு நகராதீர்கள், நீங்கள் சொன்ன எண்களைத் தேடித்தான் வருவார்கள். இருட்டிவிட்டால் போன் டார்ச்சை வருகிறவர்கள் பக்கம் காட்டி நிமிடத்துக்கு ஆறு முறை, அதாவது பத்து நொடிக்கு ஒரு முறை அடியுங்கள், பிறகு ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஆறு. மலையேறுபவர்களிடையே உலகம் முழுக்க வழங்கும் ஆபத்துக் குறி இது, விசிலிலும் இதே கணக்குதான். பார்த்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதிலுக்கு அடிப்பார்கள். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள், அவர்கள் உங்கள் பக்கத்தில் வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருங்கள்.